உப்பு மூட்டை திருடிய பையனுக்கு என்ன தண்டனை? (இடைக்காலக் கற்பனை நாடு, யோசனை தேவை)

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் ஐரோப்பிய இடைக்காலம் போன்றது. கோட்டை, குதிரை, வாள் உண்டு; துப்பாக்கி கிடையாது. கதை நடப்பது வடகடல் ஓரத்தில் ஒரு குளிர்ந்த துறைமுக நகரத்தில். சுமார் ஆறாயிரம் பேர் வாழ்கிறார்கள். கடல்நீரைப் பெரிய ஈயத் தட்டுகளில் காய்ச்சி உப்பு எடுப்பதுதான் ஊரின் தொழில். கோட்டையில் ஒரு பிரபு, ஊர் நடுவே ஒரு பெரிய ஆலயம், கோபுரத்தில் ஒரு மந்திரவாதி.

சட்டத்தை இப்படி வைத்திருக்கிறேன். திருடினால் கை போகும். கொலை செய்தால் தூக்கு. பிரபுவை ஏசினால் நாக்கு போகும். மற்ற எல்லாவற்றுக்கும் கோட்டைக்கு அடியில் நிலவறைச் சிறை. குற்றத்தைப் பொறுத்துப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு.

முதல் சில அத்தியாயங்களைப் படித்த தோழி ஒருத்தி, "உன் ஊரில் பாதிப் பேர் கையில்லாமல் திரிவார்களே, உப்பை யார் காய்ச்சுவது?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து எழுத்து நகரவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை உப்பைத் திருடுகிறான். இருட்டில் காவலன் துரத்துகிறான். கைகலப்பில் காவலன் துறைமேடையிலிருந்து விழுந்து இறந்துபோகிறான். பையனைப் பிடித்து நிலவறையில் போடுகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் வெளியே வருகிறான். மந்திரவாதி ஒருவரைத் தொட்டால் அவர் பொய் சொல்கிறாரா என்று அறிந்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஊரில் குற்றத்தை யார் கண்டுபிடிப்பார்கள், யார் தீர்ப்பளிப்பார்கள், என்னென்ன தண்டனைகள் நம்பும்படி இருக்கும்? வரலாறு தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

இரும்புவாசல் எழுதியது:

கை வெட்டுவதெல்லாம் பழைய சங்கதி. கழுவேற்றம் வையுங்கள். சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது ஜெர்மானிய நாடுகளில் உண்மையாகவே இருந்தது. கொதிக்கும் உப்புத்தட்டில் இறக்குவது உங்கள் ஊருக்கென்றே பொருந்தும். வாசகன் மூன்றாம் அத்தியாயத்திலேயே நடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பக்கம் தானாகப் புரளும்.

---

பழைய சிரஸ்தார் எழுதியது:

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்குக் கட்டு, வாய்தா, சான்றுப் பொருள், ரசீது என்று காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு பழைய நாடுகளின் வழக்குக் கதைகளைப் படிப்பதே பொழுதுபோக்கு. தண்டனை என்றவுடன் பிறருக்குக் கொலைக்களம் கண்ணில் தெரியும். எனக்குச் செலவுக் கணக்குதான் தெரியும். உங்கள் ஊரில் இடிப்பதும் அந்தக் கணக்குதான். தண்டனை கொடுமையா, இலேசா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், யார் கைக்குப் பணம் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் நாடு ஐரோப்பிய சாயலில் இருப்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன்.

நிலவறையிலிருந்து தொடங்குவோம். இருபது ஆண்டு ஒருவனுக்குச் சோறு போட எந்தப் பிரபு சம்மதிப்பான்? மாவட்டந்தோறும் சிறை கட்டச் சொல்லி இரண்டாம் ஹென்றி 1166இல் கிளாரண்டனில் ஆணையிட்டார். ஆனால் அந்தச் சிறைகள் பெரும்பாலும் விசாரணை வரை ஆளைப் பிடித்து வைக்கும் இடங்கள். நம் மொழியில் சொன்னால் ரிமாண்ட். சாப்பாடு வீட்டிலிருந்து வர வேண்டும், அல்லது யாராவது தருமம் போட வேண்டும். சிறைக்காவலனுக்குச் சம்பளத்தைவிடக் கைதியிடம் வாங்கும் கட்டணம்தான் வருமானம். விலங்கு பூட்டக் காசு, விலங்கைத் தளர்த்தக் காசு. குற்றமற்றவன் என்று விடுதலையான பிறகும் பாக்கியைக் கட்டாமல் வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் உண்டு. ஆகவே உங்கள் பையன் ஆறு அத்தியாயம் உள்ளே இருந்தால், ஆறு அத்தியாயமும் அவன் தாய் கோட்டை வாசலில் கஞ்சிக் கலயத்தோடு நிற்க வேண்டும். அவளை நீங்கள் எழுதவே இல்லையே, எங்கே போனாள்?

அடுத்து, யார் பிடிப்பது? போலீஸ் என்று ஒரு துறை கிடையாது. முதலில் பார்த்தவன் கூக்குரல் எழுப்ப வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். ஓடி வராவிட்டால் அபராதம். கூக்குரலை வீணாக எழுப்பினாலும் அபராதம். பன்னிரண்டு வயது நிரம்பிய ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணையாக வைத்திருந்தார்கள். ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடினால், அவனைக் கொண்டுவந்து நிறுத்துவது மற்ற ஒன்பது பேரின் பொறுப்பு. நிறுத்தாவிட்டால் அவர்கள் பணம் கட்ட வேண்டும். உங்கள் பையனுக்குப் பதினான்கு வயது. அவனும் அப்படி ஒரு பத்தில் ஒருவன். அவன் ஓடிய இரவில் ஒன்பது வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள்; நிலவறையைவிட அதில் கதை அதிகம். அந்த ஒன்பது பேரில் ஒருவன் அவனுடைய அண்ணனாகவே இருக்கலாம்.

இறந்துபோன காவலனுக்கு வருவோம். 1194 முதல் இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரி ஒருவர் இருந்தார். சடலத்தைப் பார்ப்பார், காயத்தை அளப்பார், அக்கம்பக்கத்தாரை நிறுத்திக் கேட்பார். அவர் கண் சடலத்தில் பாதி, பொருளில் பாதி. ஏனென்றால் குற்றவாளியின் உடைமை மன்னருக்கு. மரணத்துக்குக் காரணமான பொருளும் மன்னருக்கு. வண்டி ஏறி ஒருவன் செத்தால் வண்டியின் விலை, குதிரை உதைத்துச் செத்தால் குதிரையின் விலை. இந்த வழக்கம் 1846 வரை நீடித்தது. உங்கள் காவலன் தலையில் உருண்ட உப்புப் பீப்பாய் மோதித்தான் விழுந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய் யாருடையது என்று ஒரு வழக்கு, அதன் விலை என்ன என்று இன்னொரு வழக்கு. கிடங்குக்காரன் உடனே, "பீப்பாய் அசையவே இல்லை, பையன்தான் தள்ளினான்" என்று சத்தியம் செய்வான். பொய்ச் சாட்சிக்கு இதைவிட இயல்பான காரணம் வேண்டுமா?

இங்கிலாந்தை வென்ற நார்மானியர் வந்த புதிதில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஓரிடத்தில் யாரோ கொலையுண்டு கிடந்தால், அவன் ஆங்கிலேயன் என்று ஊரார் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல், கொன்றவனையும் பிடித்துக் கொடுக்க முடியாமல் போனால், அந்த வட்டாரமே அபராதம் கட்ட வேண்டும். வென்று வந்த சிறுபான்மை தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த சட்டம். உங்கள் பிரபு வெளியூர்க்காரன் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விடியுமுன் சடலத்தை இழுத்து அடுத்த வட்டார எல்லைக்குள் போட்டுவிட நாலு பேர் கிளம்பமாட்டார்களா?

இன்னும் பழைய காலம் பிடிக்கும் என்றால், சுமார் 600ஆம் ஆண்டைச் சேர்ந்த கென்ட் அரசர் எத்தல்பெர்ட்டின் சட்டம் இருக்கிறது. முழுக்க முழுக்க விலைப்பட்டியல். கட்டைவிரலுக்கு 20 ஷில்லிங், கட்டைவிரல் நகத்துக்கு 3 ஷில்லிங், முன்பல் ஒவ்வொன்றுக்கும் 6 ஷில்லிங். சாதாரணக் குடிமகன் உயிருக்கு 100 ஷில்லிங் உறவினருக்கு, தனியாக 50 ஷில்லிங் அரசருக்கு. விலையை ஏற்றுக்கொண்டால் இரு குடும்பமும் பழிவாங்கல் இல்லாமல் பிழைக்கும். ஏற்க மறுத்தால் மூன்று தலைமுறைக்குக் கதை கிடைக்கும்.

இனி அந்த மூட்டை. இங்கிலாந்தில் 12 பென்னிக்கு மேற்பட்ட திருட்டு என்றால் தூக்கு. அதற்குக் கீழே என்றால் சிறு திருட்டு, கசையடியோ அவமானத் தண்டமோ. விலையைத் தீர்மானிப்பவர்கள் யார்? பையனைத் தெரிந்த, ஜூரிகளாக உட்காரும் அக்கம்பக்கத்துப் பன்னிரண்டு பேர். பொருள் எதுவானாலும் விலை 11 பென்னி, 10 பென்னி என்று வந்து நிற்பதைப் பதிவுகளில் பார்க்கலாம். பன்னிரண்டு பேரும் மூட்டையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் உப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "ஈரம் பிடித்த உப்பு, இது எங்கே 12 பென்னி போகும்?" என்கிறான். கிடங்குக்காரனின் மைத்துனன் மட்டும் வாயைத் திறக்காமல் நிற்கிறான். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சின்னக் குற்றங்களை விட்டுவிடாதீர்கள். கற்பனை நாட்டுக் கதைகளில் கொலையும் துரோகமும் குவிந்து கிடக்கும். எடை குறைத்து விற்றவனைப் பற்றி ஒரு வரி இராது. லண்டனில் 1327இல் நடந்தது இது. ஊரார் பிசைந்த மாவை ரொட்டிக்கடைக்குக் கொண்டுவந்து சுட்டுவாங்கிப் போவது வழக்கம். ஜான் பிரிட் என்ற ரொட்டிக்காரர் தன் பலகையில் ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு மூடியும் வைத்திருந்தார். வாடிக்கையாளர் மாவைப் பலகைமேல் வைத்ததும், பலகைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஆள் மூடியைத் திறந்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துவிடுவான். மாவுக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் தெரியாது. இப்படிப் பல கடைகள். பலகைக்கு அடியில் மாவு பிடிபட்டவர்களைக் கழுத்தும் கையும் மாட்டும் பலகைச் சட்டத்தில் சந்தையில் நிறுத்தி, மாவைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். 1364இல் கெட்ட மது விற்ற ஜான் பென்ரோஸ் என்பவரை, அந்த மதுவில் ஒரு வாய் அவரையே குடிக்க வைத்து, மிச்சத்தை அவர் தலையில் ஊற்றினார்கள். இனி மது விற்கக் கூடாது என்றும் விதித்தார்கள். உப்பில் மணல் கலந்தவனை உங்கள் ஊர் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புவாசல் சொல்லும் சக்கரத் தண்டனை உண்மைதான். அதை ஒரு முறை காட்டுங்கள். நாலு முறை காட்டினால் வாசகனுக்குப் பழகிவிடும்.

---

உப்புக்காற்று எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. தாயைப் பற்றி நீங்கள் கேட்டது உறைத்தது. ஆனால் ஒரு தயக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லாம் அபராதமும் பேரமுமாக இருக்கிறது. பயம் எங்கே? என் கதையில் அந்த ஊர் மக்கள் பிரபுவுக்கு அஞ்சி நடுங்க வேண்டும். இன்னொன்று, மந்திரவாதி தொட்டதும் உண்மை தெரிந்துவிடும் என்றால் பன்னிரண்டு பேர் எதற்கு? விலைபேசுவது எதற்கு? மந்திரத்தை எடுத்துவிடச் சொல்லிவிடாதீர்கள்; கதையின் முதுகெலும்பே அதுதான்.

---

கல்லெழுத்து எழுதியது:

சிரஸ்தார் ஐயா பணம், பணம் என்று சொல்வதை ஒட்டி நம் பக்கத்திலிருந்து ஒரு கண்ணி. ஊர் நடுவே ஆலயம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில், வேட்டையில் குறி தவறியோ கைகலப்பிலோ எண்ணாமல் உயிர்ப்பலி நேர்ந்த வழக்குகள் வருகின்றன. சபையோ நாட்டாரோ கூடிப் பேசி, கொன்றவன் சாக வேண்டாம், கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள். இறந்தவனின் பேரால் விளக்கு எரியும். ஒரு விளக்குக்கு வழக்கமான கணக்கு 96 ஆடு. அந்த ஆடுகளை இடையர்கள் பொறுப்பேற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருப்பார்கள். கிழடு போனால் குட்டி, செத்தால் வேறொன்று. மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையவே கூடாது. தண்டம் ஒரு நாளில் முடியாமல், கொன்றவன் காலமான பிறகும் எரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் வடகடல் ஊரில் நெய்க்குப் பதில் மீன் எண்ணெய் விளக்காக இருக்கட்டும். காவலனின் மகள் தினமும் அந்த விளக்கைத் தாண்டித்தானே போவாள்?

துரோகத்துக்குக்கூட நிலம்தான் முதலில் போகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பற்றிக் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அது பேசுவது அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைப் பறித்து விற்றதைப் பற்றி. பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் என்று வலை விரிகிறது. ரத்தம் எதிர்பார்த்துப் போனால் கல்லில் இருப்பது பத்திரப்பதிவு.

உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு நிற்கத் தகுதி இல்லாதவர்களைச் சொல்லும்போது, கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் விலக்குகிறது. கழுதை மேல் ஏறியவர்களையும், கள்ளக் கையெழுத்து இட்டவர்களையும் விலக்குகிறது. கழுதை ஏற்றுவது அவமானத் தண்டனை. ஊர்வலம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். தகுதி ஆயுளுக்கும் போயிற்று. பயம் எங்கே என்று கேட்டீர்களே, சிறு ஊரில் பயம் இப்படியும் வேலை செய்யும்.

---

பழைய சிரஸ்தார் எழுதியது:

கல்லெழுத்து சொன்ன விளக்கு அருமை. அந்த இடையரின் நெய்க் கணக்கை யார் சரிபார்த்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நேற்று தூங்கினேன்.

உப்புக்காற்று, பயத்துக்குக் குறைவே இல்லை. 1176இல் நார்தாம்ப்டனில் வந்த ஆணை, பெருங்குற்றவாளிக்கு வலது கையையும் ஒரு காலையும் எடுக்கச் சொல்கிறது. ஆனால் கையில்லாதவர்கள் திரியும் நாட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று உங்கள் தோழி கேட்டது மிகச் சரியான கேள்வி. இங்கிலாந்தில் காது அறுபட்டவன் என்றால் திருடன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதனால் குதிரையோ பன்றியோ கடித்துக் காது போன அப்பாவிகள், "இவன் காது குற்றத்தால் போகவில்லை, விலங்கு கடித்துப் போயிற்று" என்று அரசரிடம் சான்றுக் கடிதம் வாங்கி வைத்திருந்தார்கள். உங்கள் உப்பளத்தில் கொதிதட்டில் கை வெந்து இழந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் இடுப்பில் முத்திரை போட்ட கடிதம் செருகியிருக்க வேண்டும். கடிதம் மழையில் நனைந்துவிட்டால் சாப்பாட்டுக்கடையில்கூட உள்ளே விடமாட்டார்கள். போலிக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் ஒருவன் துறைமுகத்தில் இருப்பான். அவன் மாட்டிக்கொண்டால் என்ன தண்டனை என்பதை நீங்களே வையுங்கள்.

இப்போது மந்திரவாதி. எடுக்கவே வேண்டாம். அவரைப் போன்ற ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார்; பெயர் பாதிரியார். குற்றம் சாட்டப்பட்டவனைக் கட்டி, பாதிரியார் மந்திரித்த குளத்தில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. தீர்ப்பு கடவுளுடையது, கையொப்பம் பாதிரியாருடையது. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லேட்டரன் பேரவை, குருமார்கள் இந்தச் சோதனைகளை மந்திரிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. அவ்வளவுதான், நாடு முழுவதும் விசாரணை நின்றது. 1219இல் நீதிபதிகளுக்கு அரசவை அனுப்பிய கட்டளையைப் படித்தால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். பெரிய குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சிறையில் வையுங்கள், நடுத்தரமானவர்கள் நாட்டைவிட்டுப் போகட்டும், சிறியவர்கள் பிணை கொடுத்துவிட்டுப் போகட்டும் என்கிறது. குற்றம் செய்தானா இல்லையா என்று தீர்மானிக்கும் வழியே சிலகாலம் இல்லை. பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

அந்தப் பன்னிரண்டு பேர் தீர்ப்பை ஏற்கிறேன் என்று குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால்? 1275 சட்டம் அப்படிப்பட்டவனைக் கடுஞ்சிறையில் போடச் சொன்னது. காலப்போக்கில் அது மார்பில் பாரம் ஏற்றி நசுக்குவதாக மாறியது. அப்படியும் சிலர் வாயைத் திறக்காமல் செத்தார்கள். தீர்ப்பு வராமல் செத்தால் உடைமை பறிபோகாது, பெண்டாட்டி பிள்ளைக்கு மிஞ்சும். பயம் எங்கே என்றீர்களே, அந்தக் கல்லின் அடியில் கிடந்தவனின் கணக்கை எழுதிப் பாருங்கள். இரும்புவாசலுக்கும் பிடிக்கும்.

ஆகவே உங்கள் மந்திரவாதியிடம் நான் கேட்பது இவை. அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? அவர் காய்ச்சலில் படுத்தால் எத்தனை பேர் உள்ளே கிடப்பார்கள்? அவர் தொட்டுச் சொன்னதை யார் சரிபார்ப்பது? அதைவிட முக்கியம், அவர் அறிவது பொய்யை மட்டும். பொய் சொல்லாமலே தவறாகச் சொல்லும் சாட்சிகளை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்த இருட்டில், "பையன்தான் தள்ளினான்" என்று மனமார நம்பும் கிழவி ஒருத்தியை மந்திரவாதி தொட்டால், "பொய் இல்லை" என்பார். பையன் தூக்கில் தொங்குவான். மந்திரம் பிழையாமல் வேலை செய்யும்.

சிறை கட்டச் சொன்ன அந்த 1166 ஆணையில் இன்னொரு சுவை. நீர்ச் சோதனையில் தேறிவிட்டான், ஆனால் ஊரில் கெட்ட பெயர் எடுத்தவன் என்றால், அவன் எட்டு நாளுக்குள் கடல் கடந்து போய்விட வேண்டும், "காற்று தடுத்தாலொழிய". கடவுளே விட்டாலும் ஊர் விடாது என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். உங்கள் மந்திரவாதி விடுதலை கொடுத்தவர்களை ஊர் என்ன செய்கிறது?

---

உப்புக்காற்று எழுதியது:

கிழவி விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நிலவறை போயிற்று. பையனை ஆலயத்துக்குள் ஓடவிடலாமா? புகலிடம் என்று எங்கோ படித்த ஞாபகம். அங்கே எவ்வளவு நாள் இருக்கலாம்? ஒன்பதாம் அத்தியாயம் வரை தாங்குமா?

---

பழைய சிரஸ்தார் எழுதியது:

தாராளமாக. 40 நாள் இருக்கலாம். அதற்குள் விசாரணைக்குச் சரணடைய வேண்டும். இல்லையென்றால் மரண விசாரணை அதிகாரி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டு என்றென்றும் போய்விடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்தவனுக்கு ஒரு துறைமுகம் குறித்துக் கொடுப்பார்கள். கையில் மரச்சிலுவையோடு, நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் அங்கே நடக்க வேண்டும். கப்பல் கிடைக்கவில்லை என்றால், போக மனமிருக்கிறது என்று காட்டத் தினமும் முழங்கால் அளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும். சாலையை விட்டு விலகினால் யாரும் தலையை எடுக்கலாம். பையனின் உடைமை மன்னருக்கு. அவனிடம் என்ன இருக்கும், ஒரு கத்தியும் கிழிந்த போர்வையும்.

இதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் வேறு. அவன் உள்ளே இருக்கும் 40 நாளும் ஆலயத்தைச் சுற்றிக் காவல் நிற்க வேண்டியவர்கள் ஊரார். கூலி கிடையாது, உப்புக் காய்ச்சும் வேலையும் கெடும். அவன் தப்பினால் அபராதமும் அவர்கள் தலையில். முதல் வாரம் பையன்மேல் இரக்கம் இருக்கும். மூன்றாம் வாரம் பனியில் நின்றவன், "இந்தச் சனியன் சத்தியம் செய்துவிட்டுப் போய்த் தொலையக் கூடாதா?" என்பான். இறந்த காவலனின் தம்பியும் அந்த முறைக்காவலில் ஒருவன் என்றால், அவனுக்கு எந்த இரவு முறை வரும் என்று பையன் உள்ளே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். ஆறு அத்தியாயம் தாராளமாக ஓடும்.

---

இரும்புவாசல் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தூக்காவது வையுங்கள். கொலைஞன் இல்லாமல் இடைக்காலமா?

---

பழைய சிரஸ்தார் எழுதியது:

வைக்கட்டும். கொலைஞனை முகமூடி போட்ட தடியனாக மட்டும் எழுத வேண்டாம். கொஞ்சம் பிந்திய காலம்தான் என்றாலும் நியூரம்பர்க் நகரத்து ஃப்ரான்ஸ் ஷ்மிட்டைப் பாருங்கள். 1573 முதல் 1617 வரை தான் செய்த தண்டனைகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். குடிப்பதில்லை. எலும்பு முறிவு, காயம் என்று அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஏராளம். உடம்பு எங்கே எப்படிப் பொருந்துகிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தத் தொழில் குடும்பத்துக்கே தீட்டு. பிள்ளைகளை எந்தத் தொழிற்குழுவும் சேர்த்துக்கொள்ளாது. ஓய்வுக்குப் பிறகு பேரரசருக்கு மனுப் போட்டுத்தான் குடும்பத்தின் மானத்தைத் திரும்பப் பெற்றார். உங்கள் பையனின் உடைந்த மணிக்கட்டைக் கட்டிவிடுபவர் அந்த ஊர்க் கொலைஞராக இருக்கலாம்.

தூக்கில் போடப்படுவது யார் என்பதும் உங்கள் விருப்பம். பிரான்சில் ஃபலேஸ் என்ற ஊரில் 1386இல் ஒரு பன்றியைத் தூக்கிலிட்டார்கள். தொட்டில் குழந்தையைக் கடித்துக் கொன்ற பன்றி. கொலைஞர் கூலியாக 10 சூ 10 தெனியே (அக்காலப் பிரெஞ்சுக் காசுகள்) பெற்றுக்கொண்டதற்கும், புதிய கையுறை வாங்கியதற்கும் ரசீது எழுதி வைத்திருக்கிறார்கள். பன்றிக்கு வக்கீல் உண்டா என்று கேட்காதீர்கள், கேட்டால் இன்னொரு நீண்ட பதிவு எழுதிவிடுவேன். கையுறைக்கான செலவை எந்தக் கணக்கில் காட்டுவது என்று பிரபுவின் எழுத்தரும் நகரசபை எழுத்தரும் சண்டை போடுவதை மட்டும் எனக்காக எங்காவது ஒரு பக்கம் எழுதுங்கள்.